சேர்ந்து எழுதி, சேர்ந்து அழித்த ‘ங்க’

எங்கள் டீச்சருக்கு வயது இருபத்தாறு. மாணவர்களாகிய எங்கள் நாலு பேர் வயதையும் கூட்டினால் மருதமலைக்குப் படி கட்டுவதற்கு முந்தைய காலத்துக்குப் போய்விடும்.

கணபதி என்கிற எங்கள் பகுதியில், குடியிருப்போர் சங்கத்து மாடி அறையில், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வகுப்பு. ‘மூத்தோருக்கான எழுத்துப் பயிற்சி’ என்று கீழே பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் ‘பயிற்சி’ மட்டும் பெரிதாக இருப்பதால், மூட்டுவலிக்காரர்கள் சிலர் படியேறி வந்து, பாய் எங்கே விரிப்பது என்று கேட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். மிஞ்சியது நாங்கள் நால்வர். ஏலக்காய் மொத்த வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்த ஷேக் பரீத் பாய். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மாரியாத்தாள். அரசுப் பேருந்து ஓட்டிய ஆறுச்சாமி. அப்புறம் கிருபாவாகிய நான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர் முழுக்கப் பேசினதைக் கேட்டுக்கொண்டே சம்பளம் வாங்கியவள்.

டீச்சர் பெயர் மதிவதனி. தஞ்சாவூர்ப் பக்கம். என் பெண்ணைவிடச் சின்னவர்தான். ஆனாலும் டீச்சர் என்று சொன்ன வாயால் அடுத்த சொல்லாக ‘அவள்’ என்று சொல்ல எங்கள் ஊர் நாக்கு புரளாது.

தலைப்பைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற டீச்சர் இல்லை அவர். வெள்ளைப் பலகைக்கு முன்னால் மார்க்கரோடு நின்று, “நாம எல்லாரும் சேர்ந்து எழுதுவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். எப்படி முடியும்னு எனக்கும் தெரியாது” என்பார். நாங்கள் சொல்லும் வாக்கியத்தை எழுதுவார், உரக்கப் படிப்பார், புருவத்தைச் சுருக்குவார். “என்னமோ இடிக்குதே” என்று தன்னோடு பேசிக்கொண்டே பாதியை அழிப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார். டீச்சர் ஒருவர் எங்கள் முன்னால் திணறுவதைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே நான் முழங்கால் வலியோடு படியேறுகிறேன். பள்ளிக்கூட நாளில் இந்தக் காட்சியைக் காட்டியிருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன்.

முதல் நாள் மழையைப் பற்றி எழுதினோம். முதல் வாக்கியத்தைப் பரீத் பாய் கொடுத்தார்.

“மழை பேஞ்சுதுங்க.”

“எழுதும்போது அந்த ‘ங்க’ வேண்டாமே பாய்” என்றார் டீச்சர். “மழைக்கு எதுக்கு மரியாதை?”

“மழைக்கு இல்லீங்க. படிக்கறவங்களுக்குங்க. அவங்க யாரோ எவரோ. கல்லாவுல உக்காந்துட்டு மொட்டையா ‘மழை பேஞ்சுது’ன்னு சொன்னா, என்ற கடையில ஒருத்தரும் கால் வெக்க மாட்டாங்க.”

மார்க்கர் அந்தரத்தில் நின்றது. தஞ்சாவூர்க்காரருக்கு எங்கள் ஊர் தெரியாது. நாங்கள் தெருநாயை விரட்டினாலும் ‘போங்க அக்கட்டால’ என்போம். கன்னத்தில் அறைவதற்கு முன்னால் ‘அறைஞ்சுபோடுவேனுங்க’ என்று அறிவித்துவிட்டுத்தான் அறைவோம். அன்றைக்கு எங்கள் பலகையில் மழை ‘ங்க’வோடுதான் பெய்தது. இடிகூட ‘இடிச்சுதுங்க’ என்று கையைக் கட்டிக்கொண்டு இடித்தது.

சில வாரம் இப்படி மழையும் யானையும் எழுதியான பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் சொன்னார். “இவ்வளவு நாளா யாருக்குன்னு தெரியாமலே எழுதிட்டு இருக்கோம். அதான் சுத்திச் சுத்தி வருது. உங்கள்ல யாருக்காவது, நிஜமான ஓர் ஆளுக்கு, நிஜமா எழுத வேண்டியது ஏதாவது இருக்கா?”

மாரியாத்தாள் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆறுச்சாமி கையைத் தூக்கினார். வகுப்பில் அதுவரை அவர் தூக்கியது தண்ணீர் பாட்டிலை மட்டும்தான்.

“ஒருத்தருக்கு எழுதோணுங்க, டீச்சர். வெங்கடபதின்னு பேருங்க. என்ற வண்டியில கண்டக்டரா இருந்தவருங்க. கொஞ்ச நாளா எங்களுக்குள்ள பேச்சு இல்லீங்க. வர்ற ஞாயித்துக்கெழமை மகன்கூட ஒரேயடியா பூனாவுக்குக் குடி போறாராமுங்க. அதுக்குள்ள ஒரு வார்த்தை அனுப்பிப்போடோணுங்க. வாட்சப்புல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “போயிட்டாருன்னா அவ்வளவுதானுங்க. இங்கிருக்கறப்பவே பேசலை, அங்க போயா பேசப்போறாரு” என்றார்.

“என்னங்க சண்டை?” என்று கேட்டேன். எக்ஸ்சேஞ்சுப் பழக்கம்.

“அதெல்லாம் எதுக்குங் கிருபாக்கா. சின்ன விசயமுங்க.”

டீச்சரின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. நிஜமான ஆள், நிஜமான காரணம். மார்க்கரின் மூடியைப் பிடுங்கினார்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத்து என்று சொல்லக் கூடாது, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கரண்டி. “வெறும் வெங்கடபதின்னு ஆரம்பிக்கக் கூடாதுங்க, ‘மதிப்பிற்குரிய’ போடுங்க” என்றார் பாய். “குடும்பத்துல எல்லாரையும் விசாரிக்கோணுமுங்க” என்று மாரியாத்தாள் அள்ளிப் போட்டார். ‘இனிய பயணம்’ என்று இருந்ததை ‘பொன்னான பயணம்’ என்று மாற்றியது நான். மறைக்க மாட்டேன், எனக்கு அந்தச் சொல் வெகு நாளாகவே ஆசை. டீச்சர் ஒவ்வொரு வரியையும் ஆறுச்சாமியிடம் திருப்பிக் கேட்டார், “இது சரியா சார்? நீங்க சொல்ல நினைச்சது இதுதானா?” ஆறுச்சாமி ஒவ்வொரு தடவையும், “நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்றார்.

இதுதான் பலகையில் வந்து நின்றது:

‘மதிப்பிற்குரிய வெங்கடபதி அவர்களுக்கு ஆறுச்சாமியின் வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களாங்க. வீட்டில் அனைவரும் நலமாங்க. தாங்கள் பூனாவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேனுங்க. நடந்ததை எல்லாம் மனசில் வெச்சுக்க வேண்டாமுங்க. தங்கள் பயணம் பொன்னான பயணமாக அமைய வாழ்த்துகிறேனுங்க.’

டீச்சரும் இப்போது ‘ங்க’வை அழிக்கவில்லை. “கடிதத்துல எதிர்ல ஆள் இருக்கார். இங்க மரியாதை பொருத்தம்தான்” என்றார். பாய்க்கு அது உலகக் கோப்பையை வென்ற மாதிரி.

ஆறுச்சாமி அதை ஒற்றை விரலால் போனில் ஏற்றினார். அவர் ஒரு ‘ங்’கைத் தேடி எடுப்பதற்குள் காந்திபுரத்திலிருந்து அன்னூருக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஒரு வழியாக அனுப்பினார். நாங்கள் கை தட்டினோம். இப்படி ஒரு கடிதம் கிடைத்தால் இரண்டு நாடுகள் போரையே நிறுத்திவிடும் என்று பேசிக்கொண்டே படியிறங்கினோம்.

வெள்ளிக்கிழமை ஆறுச்சாமி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். பதில் வந்திருந்தது. டீச்சர் அதை வாங்கி உற்சாகமாக உரக்கப் படித்தார்.

‘மதிப்பிற்குரிய ஆறுச்சாமி அவர்களுக்கு வணக்கமுங்க. தங்கள் வாழ்த்து கிடைத்ததுங்க. மிக்க நன்றிங்க.’

கூடவே கும்பிடுகிற கைப் படம் ஒன்று.

“பாருங்க, எவ்வளவு பண்பா பதில் போட்டிருக்கார்!” என்றார் டீச்சர்.

யாரும் கை தட்டவில்லை. மாரியாத்தாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஜில்லென்று இருந்தது. டிரங்க் கால் காலத்தில், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் இந்த மாதிரிதான் பேசிக்கொள்வார்கள். இணைப்புக் கொடுத்த எனக்கே சால்வை தேவைப்படும்.

“போச்சுங்க” என்றார் ஆறுச்சாமி.

டீச்சர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “என்ன ஆச்சு? நல்லாத்தானே எழுதியிருக்கார்?”

“ஏனுங்ணா” என்று மெதுவாகத் தொடங்கினார் மாரியாத்தாள், “நீங்க ரெண்டு பேரும் முன்ன எப்புடிப் பேசிக்குவீங்க?”

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். “அது... வாடா போடாதானுங்க.”

“அட ஆண்டவனே!” என்று பாய் மேசையைத் தட்டினார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? வாடா போடா ஆளுக்குப் போயி ‘மதிப்பிற்குரிய’ போட்டு அனுப்பியிருக்கமே! கோர்ட்டு நோட்டீசு மாதிரி இருந்திருக்குமுங்க!”

“மதிப்பிற்குரிய போடச் சொன்னதே நீங்கதானுங்களே பாய்” என்றேன்.

“நீங்க மட்டும் என்னுங்க, பொன்னான பயணம். அது செத்தவங்களுக்குச் சொல்றாப்பல இருக்குதுங்க.”

டீச்சருக்கு இன்னும் பிடிபடவில்லை. “மரியாதை கூடினா நல்லதுதானே?” என்று கேட்டார்.

“வேத்தாளுக்குக் கூடினா நல்லதுங்க, டீச்சரம்மா” என்றார் மாரியாத்தாள். “நம்ம ஆளுக்கு ங்க போட்டோமுன்னா, அக்கட்டால தள்ளிப் போன்னு அர்த்தமுங்க.”

டீச்சர் நாற்காலியை இழுத்து ஆறுச்சாமிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். “சார், சண்டை என்னன்னு தெரியாம எழுதினது என் தப்பு. கேட்டிருக்கணும். இப்போ சொல்றீங்களா?”

ஆறுச்சாமி சொன்னார். வெங்கடபதியின் பேரனுக்குக் காது குத்து. மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி வீட்டார் பெரிய இடம். முன் வரிசையில் பட்டுவேட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறுச்சாமி வாசலிலேயே நின்று, பஸ்ஸில் கூப்பிட்ட அதே குரலில், “டேய் வெங்கிடு, எலையப் போடுடா, பசி உசுரு போகுது!” என்று கத்தியிருக்கிறார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. வெங்கடபதி பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், “ஆறுச்சாமி, நாலு பேரு இருக்கற எடத்துல கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க” என்றிருக்கிறார்.

“‘பேசு’ன்னு சொல்லியிருந்தாக்கூடச் சும்மா இருந்திருப்பனுங்க. ‘பேசுங்க’ன்னுபோட்டானுங்க. நான் ‘சரிங்க’ன்னேன். சாப்பிடாம வந்துட்டனுங்க. அப்பறம் நானும் கூப்பிடலை, அவனும் கூப்பிடலை.”

“இதுக்காங்க?” என்று டீச்சர் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் வாயில் ‘ங்க’ ஏறிவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

“உங்குளுக்குச் சின்ன விசயமாத் தெரியுமுங்க” என்றார் ஆறுச்சாமி. “என்னைப் பெத்த அய்யன் தோட்டத்து வேலைக்குப் போனவருங்க. அந்தத் தோட்டத்துக்காரங்க ஊட்டுல நடை பழகற கொழந்தைக்கும் ங்க போட்டுத்தான் பேசுவாரு. நானும் அப்புடியே பழகினவந்தானுங்க. வேலைக்குச் சேந்த புதுசுல வெங்கடபதியவும் ‘வாங்க போங்க’ன்னுதான் கூப்பிட்டேன். ஒரு நாளு அவந்தான் சொன்னான். ‘ஏண்டா, ரைட்டு சொன்னா வண்டிய எடுக்கோணும். நீ ரைட்டுங்களாங்கன்னு கேட்டுட்டு இருந்தீன்னா நம்ம வண்டி அன்னூரையே தாண்டாது. வாடா போடான்னு பேசு’ன்னான். எனக்கு வாயே வரலீங்க. அவந்தான் பழக்கியுட்டான். நான் பொறந்ததுல இருந்து ங்க போடாமப் பேசுன மொத ஆளு அவந்தானுங்க. அவனே திருப்பிப் போடச் சொல்லிப்போட்டான்.”



டீச்சர் எழுந்து, செவ்வாய்க்கிழமைக் கடிதத்தைப் பலகையில் மறுபடி எழுதினார், ஒரு ‘ங்க’ விடாமல். டஸ்டரை ஆறுச்சாமியின் கையில் கொடுத்தார். “சேர்ந்துதானே எழுதினோம். சேர்ந்தே திருத்துவோம். உங்க நண்பர் காதுல கேட்டா எது உங்க குரல் இல்லையோ, அதை அழிங்க.”

‘மதிப்பிற்குரிய’ ஒரே இழுப்பில் போனது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். ‘பொன்னான பயணம்’ போனபோது நான் மூடிக்கொண்டேன். ‘ங்க’க்கள்தான் போக மறுத்தன. நாங்கள் வரிசையாகக் காட்டிக் கொடுத்தோம். “அந்தா, ரெண்டாவது வரியில ஒண்ணுங்க!” “கேள்விப்பட்டேனுக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு இருக்குதுங்க!” சந்தையில் அவிழ்த்துக்கொண்ட ஆட்டுக்குட்டிகளைப் பிடிப்பது மாதிரி. ‘நல்லா இருக்கீங்களாங்க’ என்பதில் கடைசி ‘ங்க’வை அழித்தால் உள்ளே இன்னொன்று. அதையும் எடுத்தால் ‘நல்லா இருக்கியா.’ அங்கே வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

“ஒண்ணு கேக்கறனுங்க” என்றார் பாய், இப்போது விளையாட்டுக் குரல் இல்லாமல். “மருவாதியாப் பேசுன்னு சொன்னவரே அவருதானுங்க. நாம திரும்ப வாடா போடான்னு எழுதி, அதுவும் சம்பந்தி ஊட்டாளுக கண்ணுல பட்டுச்சுன்னா? அப்பறம் ஒட்டவே ஒட்டாதுங்களே.”

நியாயமான கேள்வி. எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். டீச்சர் மார்க்கரைப் பார்த்து, அதை ஆறுச்சாமியிடம் நீட்டினார்.

“இதுக்கு எங்ககிட்ட வாக்கியம் இல்ல சார். இதை நீங்கதான் எழுதணும். நாங்க பக்கத்துல நிக்கறோம்.”

ஆறுச்சாமி மார்க்கரை வாங்கினார். மிச்சமிருந்த எல்லாவற்றையும் அழித்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பலகையின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, பெரிய எழுத்தில், சாய்ந்து சாய்ந்து எழுதினார்:

‘டேய் வெங்கிடு. சொல்லாமயே பூனா போயிருவியாடா. அன்னைக்கு உன்ற சம்மந்தி முன்னால அப்புடிக் கத்துனது தப்புத்தான். நாலு பேரு இருக்கறப்ப இனி அண்ணான்னே கூப்புடறேன். ஆனா நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்ப உனக்கு ங்க போட என்னால ஆகாது. எனக்கு அதுக்குன்னு இருந்தவன் நீ ஒருத்தன்தாண்டா.’

டீச்சரின் விரல்கள் ஓர் எழுத்தைத் திருத்தத் துடித்தன. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் “கடைசியில ‘கண்ணீர் மல்க’ன்னு ஒண்ணு சேத்தலாமுங்களா?” என்று கேட்டேன். நால்வரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகி, ஜன்னல் வழியாகப் பறந்து, நொய்யலில் கரைந்தேன்.

ஆறுச்சாமி அதைப் போனில் ஏற்றி அனுப்பினார். போனை மேசை நடுவில் வைத்தார். நாங்கள் சுற்றி நின்று, குஞ்சு பொரிக்கப் போகிற முட்டையைப் பார்ப்பது மாதிரி பார்த்தோம். டிக் இரண்டானது. நீலமாகவில்லை. பாய் மனசுக்குள் ஏதோ ஓதினார். நானும் என் பங்குக்கு ஏசுவைக் கூப்பிட்டேன். மாரியாத்தாளுக்கு ஆனைமலை மாசாணியம்மன். அவ்வளவு பேருக்கும் வேலை கொடுத்த பிறகு டிக் நீலமானது.

நீலமானது, அவ்வளவுதான். பதில் வரவில்லை.

ஆறுச்சாமி போனைக் கவிழ்த்து வைத்தார். “உடுங்க. சொல்லோணும்னு இருந்ததைச் சொல்லியாச்சு.” டீச்சர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தினார்.

கவிழ்ந்த போன் மேசையில் அதிர்ந்து நகர ஆரம்பித்தது.

ஆறுச்சாமி ஸ்பீக்கரைப் போடவில்லை. தேவையும் இல்லை. அந்தக் கண்டக்டர் காந்திபுரத்தில் வாயைத் திறந்தால் அவிநாசியில் இறங்க வேண்டியவர் எழுந்து நின்றுவிடுவார், அப்படி ஒரு தொண்டை.

“எந்த வெளங்காதவன்டா உனக்கு மொதக் கடுதாசிய எழுதிக் குடுத்தது?”

நாங்கள் நால்வரும், டீச்சர் உட்பட, கூரையைப் பார்த்தோம்.

“படிச்சுப்போட்டு மருமவகிட்டச் சொன்னண்டா. ஆறுச்சாமி செத்துப்போயிட்டானாட்ட இருக்குது, எவனோ அவன் போனைத் திருடி மெசேஜு போடறான்னு! நானும் திருடனுக்கு ஏத்தாப்பல மருவாதியா ஒரு பதிலப் போட்டேன். நீ எங்கடா இருக்கற?”

ஆறுச்சாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். கதவு பாதி திறந்திருந்தது. முதலில் அவர் சுவரைப் பார்த்து நின்றார். அப்புறம் நடந்தார். அப்புறம் கைப்பிடிச் சுவரைத் தட்டிச் சிரித்தார். ஒரு தடவை, “நான் மட்டும் என்னத்தடா பண்ணுவேன்?” என்று கத்தினார். அதற்கு அந்தப் பக்கம் என்ன சொன்னதோ, வெகு நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே டீச்சர் எங்களை வழிக்குக் கொண்டுவரப் பார்த்தார். “சரி, நாம அடுத்து...” நாங்கள் மூன்று பேரும் ஏற்கெனவே கதவிடுக்கில் இருந்தோம். எனக்குத்தான் நல்ல இடம். அனுபவம்.

ஆறுச்சாமி திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பையைத் தேடினார், தோளிலேயே இருந்தது.

“நான் கெளம்பறனுங்க, டீச்சர். அவன் ஊட்டுல சாமானெல்லாம் கட்டிட்டு இருக்கறாங்களாமுங்க. கட்டுற ஆளுக பீரோவக் கயித்துல கட்டத் தெரியாமக் கட்டிட்டு இருக்கறாங்களாம். பஸ்ஸு மேல தேங்கா மூட்டையும் கோழிக் கூண்டும் கட்டுனவன் நான் இருக்கறப்ப அவனுகளை எதுக்குடா உட்டீன்னு கேட்டேன்.”

“அப்போ பூனாவுக்கு...?” என்று இழுத்தார் டீச்சர்.

“போறது போறதுதானுங்க. மகன் வண்டிச் சீட்டெல்லாம் எடுத்தாச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “ஞாயித்துக்கெழமை ரயிலேத்தி உட நாந்தான் போறேன். சம்பந்தி ஊட்டாளுகளும் வருவாங்களாமுங்க. அங்க அண்ணான்னு கூப்புடோணும். இன்னைக்கே சொல்லிப் பாத்துக்கோணும், வாய் வருதான்னு.”

படியில் தடதடவென்று இறங்கினார். அந்த மூட்டுக்கு அது தகாது என்று மாரியாத்தாள் பின்னாலிருந்து கத்தினார். காதில் விழவில்லை.

டீச்சர் பலகைக்குத் திரும்பி, மூடியைத் திறந்து, “இப்போ நாம நாலு பேரும் சேர்ந்து என்ன எழுதலாம்?” என்றார். நாங்கள் மூவரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றோம். கீழே ஆறுச்சாமி ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இடித்துத் தள்ளி ஏறிக்கொண்டிருந்தார். போன் காதிலேயே இருந்தது. “தொடாத, அந்தக் கயித்த எவனையும் தொட உடாத, நான் வாரேன்!” என்பது இரண்டு தெரு தாண்டிக் கேட்டது.

டீச்சர் மார்க்கரை மூடிவிட்டு வந்தார். “கொஞ்சம் தள்ளுங்க, கிருபாம்மா” என்று எனக்கும் பாய்க்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டார்.